ஊருணித் தண்ணீருக்கு பயோசாண்ட் வடிகட்டி: பொறியியல் மாணவர் குழுவுக்கு ஒரு செய்முறை

இராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணிதான் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடிநீர். குழாய் வந்த ஊர்களிலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் ஊருணிக்குத்தான் போகிறது. ஊருணி நீரில் உப்பு குறைவு, பருப்பு நன்றாக வேகும், வாய்க்குப் பிடித்த சுவை. திறந்த நீர்நிலை என்பதால் கிருமியும் கலங்கலும் சேர்ந்தே வரும். கிருமிதான் சிக்கல், உப்போ வேறு ரசாயனமோ இல்லை என்ற இந்த நிலைக்குப் பொருத்தமான வீட்டுச் சாதனம் பயோசாண்ட் வடிகட்டி: மணலும் அதன்மேல் வளரும் நுண்ணுயிரும் சேர்ந்து தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஒரு கான்கிரீட் பெட்டி. மின்சாரம் வேண்டாம், மாற்றவேண்டிய கார்ட்ரிட்ஜ் இல்லை, உள்ளூர்க் கொத்தனாரே வார்க்கலாம்.

மணலில் தண்ணீரை மெதுவாக இறக்கிச் சுத்தப்படுத்துவது பழைய முறை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1804-லும் லண்டனில் 1829-லும் பெரிய மணல் வடிகட்டிகள் வந்துவிட்டன. அவற்றில் தண்ணீர் இடைவிடாமல் ஓடவேண்டும். வீட்டில் அது நடக்காது. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்றுதான் ஊற்றுவார்கள். விட்டு விட்டு ஊற்றினாலும் வேலை செய்யும்படி அதை மாற்றியமைத்தவர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மான்ஸ். 1990-களில் செய்தது. மாற்றம் சின்னதுதான்: வெளியேறும் குழாயின் வாயை மணல் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே உயர்த்தினார். ஊற்றுவதை நிறுத்தினாலும் மணலின் மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும். மணலின் மேல்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம் காயாமல், மூச்சுத் திணறாமல் உயிரோடிருக்கும். கிருமிகளைத் தின்று அழிப்பதில் பெரும்பங்கு அந்தப் படலத்துக்கே. கீழே சொல்லும் அளவுகளில் பாதிக்கு மேல் அந்தப் படலத்தைக் காப்பதற்காகத்தான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் தண்ணீர்ச் சோதனை

எந்த வேலையும் தொடங்கும் முன் ஊருணி நீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையோடு ஒப்பிட வேண்டியவை: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5 மி.கி.; நைட்ரேட் 45 மி.கி.; மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மி.லி.யில் இருக்கவே கூடாது.

கரைந்திருக்கும் ரசாயனம் எதையும் இந்த வடிகட்டி எடுக்காது. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றும் உள்ளே போன அளவிலேயே வெளியே வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இதைக் கொண்டுபோய் வைத்தால், தெளிவான தண்ணீர் வருகிறது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு வருவீர்கள். அதைவிடத் தீங்கு வேறில்லை.

ஓர் ஊரில் வென்றதை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிச் செல்வதில் என்ன ஆபத்து என்பதற்கு இதே வடிகட்டியின் உறவான காஞ்சன் வடிகட்டி நல்ல பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களும் ஆய்வாளர்களும் நேபாளத்தின் என்ஃபோ அமைப்போடு சேர்ந்து, தராய்ச் சமவெளியின் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீருக்காக உருவாக்கியது அது. மணலுக்கு மேலே ஒரு தட்டில் துத்தநாகம் பூசாத இரும்பு ஆணிகளை 5 கிலோ பரப்பி, அதன்மேல் செங்கல் துண்டுகளை வைப்பார்கள். ஆணி துருப்பிடிக்கும், துருவில் ஆர்சனிக் ஒட்டும், துருத் துகள்களை மணல் பிடித்துக்கொள்ளும். 2003-ல் உலக வங்கியின் புத்தாக்கப் போட்டியில் பரிசும் பெற்றது. பிறகு கம்போடியாவின் தண்ணீரில் சோதித்தபோது ஆர்சனிக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. அங்கே நீரில் இயற்கையான இரும்பு குறைவு, பாஸ்பேட் அதிகம்; துருவில் ஆர்சனிக் உட்காரவேண்டிய இடத்தை பாஸ்பேட் பிடித்துக்கொண்டது. வடிகட்டி அதேதான், தண்ணீர் வேறு.

ஊருணிக்கு மேலும் ஒன்று: பருவம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஊருணி நிறைந்திருக்கும்போது தண்ணீர் ஓரளவு தெளிவு. மே மாதம் மட்டம் இறங்கி அடிச்சேறு கலங்கியபின் அது வேறு தண்ணீர். எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடித்து வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போகும் குழு, தன் வடிகட்டியைச் சுலபமான தண்ணீரில் மட்டுமே பார்த்திருக்கும். அடைப்பு வரும் மே மாதத்தில் குழு ஊரில் இருக்காது. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். டிசம்பர், மார்ச், மே என்று மூன்று முறை மாதிரி எடுத்தபின் அளவுகளை முடிவு செய்யுங்கள்.

கலங்கலைப் பார்க்க மீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, நாளிதழின் தலைப்பு எழுத்தின் மேல் நிறுத்தி, வாய்வழியாகக் குனிந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் கலங்கல் ஏறத்தாழ 50 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே, நேராக வடிகட்டலாம். முடியாவிட்டால் முதலில் தெளிய வைத்தாக வேண்டும்.

குடமும் வீடும்

ஒரு வீட்டில் அதிகாலை முதல் இரவு வரை தண்ணீர் எப்படி நகர்கிறது என்று அனுமதி கேட்டு உட்கார்ந்து பாருங்கள். கேள்வித்தாள் கொடுத்தால் வரும் பதில் உங்களை மகிழ்விப்பதற்காகச் சொன்னதாக இருக்கும். பார்க்க வேண்டியவை: எத்தனை குடம், எந்நேரம், யார் தூக்குகிறார்கள், குடிக்கும் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில், எதனால் மொள்ளுகிறார்கள்.

பரவலாகப் பயன்படும் வடிவத்தில் மணலுக்கு மேலே உள்ள தொட்டி 12 லிட்டர் பிடிக்கும். பிளாஸ்டிக் குடம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. குடத்தை முழுதாகக் கவிழ்த்தால் வழியும். பாதியில் நிறுத்தி மீதியோடு கனத்த குடத்தைக் கீழே இறக்கவேண்டும். பெட்டியின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 95 செ.மீ.; நிறைகுடத்தை இடுப்புக்கு மேலே தூக்கிச் சாய்ப்பது வயதான அம்மாவுக்கு முடியாத காரியம். பக்கத்தில் ஒரு படி வைப்பதா, திண்ணை ஓரமாக நிறுத்தித் திண்ணையில் நின்று ஊற்றுவதா, சின்னப் பாத்திரத்தால் மொண்டு ஊற்றுவதா என்பதை அந்த வீட்டுப் பெண்களே தீர்மானிக்கட்டும்.

தொட்டியை 20 லிட்டராக்கிவிடலாமே என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கூடாது. மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் ஏறத்தாழ 12 லிட்டர்தான். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை மணலுக்குள்ளேயே தங்கி, அடுத்த முறை ஊற்றும்போது வெளியே தள்ளப்படுகிறது. கிருமிகள் சாகும் நேரம் அதுதான். தொட்டி பெரிதானால் ஒரு பகுதித் தண்ணீர் நிற்காமலே ஓடி வந்துவிடும்.

மணல்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

ஒரு வடிகட்டிக்கு வேண்டியது 0.7 மி.மீ. சல்லடையில் விழுந்த மணல் 30 லிட்டர், 0.7 முதல் 6 மி.மீ. வரையிலான பொடி ஜல்லி மூன்றேகால் லிட்டர். 6 முதல் 12 மி.மீ. ஜல்லி மூன்றேகால் லிட்டர். கழுவும்போது போகும் சேதாரத்துக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

ஆற்று மணல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதில் உயிர்ப்பொருளும் சாக்கடைக் கழிவும் கலந்திருக்க வாய்ப்புண்டு. கடற்கரை மணலில் உப்பு, கிளிஞ்சல், தொடவே வேண்டாம். பாறையை உடைத்து எடுத்த மணல்தான் இதற்குச் சிறந்தது, எம்-சாண்ட் அதுவே. சுத்தமாக இருக்கும், துகள்கள் முனைமுனையாக ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பல அளவுகளும் கலந்திருக்கும். பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்டை வாங்காதீர்கள். ஏற்கெனவே பிரித்தெடுத்த ஒரே மாதிரி நுண்துகள் அது. குவாரியில் லோடு சொல்லும் முன் 10 லிட்டர் மாதிரி வாங்கிச் சலித்து, அதில் 0.7-க்குக் கீழே எவ்வளவு தேறுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

சலிப்பதற்கு மூன்று சல்லடை: 12 மி.மீ., 6 மி.மீ., 0.7 மி.மீ. கடைசியை வலைக் கடையில் அங்குலத்துக்கு 24 கண் உள்ள வலை என்று கேட்டால் கொடுப்பார்கள். மூன்றடிக்கு இரண்டடி மரச்சட்டத்தில் அடித்துக்கொள்ளலாம். மணல் காய்ந்திருக்கவேண்டும். ஈரமணல் 0.7 வலையில் இறங்காது. தேய்த்து இறக்கினால் வலை கிழியும், கிழிசல் வழியாகப் பெருமணல் விழுந்து அந்த லோடே வீணாகும். மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் சல்லடைப் பகுப்பாய்வு செய்து பாருங்கள். எடையில் 10 சதவீதம் விழும் துகள் அளவு 0.15 முதல் 0.20 மி.மீ.க்குள்ளும், சீர்மைக் கெழு (60 சதவீதம் விழும் அளவை அந்த 10 சதவீத அளவால் வகுத்தது) 1.5 முதல் 2.5-க்குள்ளும் இருக்கவேண்டும். 0.1 மி.மீ.க்கும் நுண்ணிய பொடி 4 சதவீதத்துக்குக் கீழே.

ஜல்லி இரண்டையும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவலாம், கணக்கே இல்லை. மணலைக் கழுவுவதில்தான் கைப்பக்குவம். அதிகம் கழுவினால் நுண்துகள் எல்லாம் போய் ஓட்டம் வேகமாகும். குறைவாகக் கழுவினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் கொஞ்சம் மணல், அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர். கையால் பத்துச் சுற்று வேகமாகச் சுழற்றி, கலங்கிய நீரை உடனே கொட்டுங்கள். எத்தனை முறை கொட்டினீர்கள் என்று எண்ணுங்கள். பிறகு சோதனை: ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கழுவிய மணல் பாதி, தெளிந்த நீர் பாதி. மூடிச் சுழற்றி, நிறுத்தி, மூன்று நான்கு விநாடி கழித்து மேலிருந்து பாருங்கள். தண்ணீர் இலேசாகக் கலங்கி, அதனூடே மணலின் மேல்பரப்பு மங்கலாகத் தெரிந்தால் பதம். பளிச்சென்று தெரிந்தால் கழுவியது அதிகம். தெரியவே இல்லையென்றால் இன்னும் ஒரு கழுவல். பதம் கிடைத்த எண்ணிக்கை அந்த லோடு முழுமைக்கும் பொருந்தும். லோடு மாறினால் மறுபடி பார்க்கவேண்டும். கழுவ நல்ல தண்ணீரே வேண்டும். கழுவியதும் உடனே பயன்படுத்தாவிட்டால் வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள்.

கான்கிரீட் பெட்டி

வார்ப்பு அச்சு இரும்புத் தகட்டில்: வெளி அச்சு, உள் அச்சு, அடித்தட்டு. வெல்டிங் பட்டறையில் நாலு பக்கமும் சதுரமாக இருக்கிறதா என்று கோணமட்டம் வைத்துச் சரிபார்த்து வாங்குங்கள்; கோணல் அச்சிலிருந்து பெட்டி கழலாது. அச்சில் தடவ சமையல் எண்ணெயோ வனஸ்பதியோதான். பட்டறைக்காரர் பழைய இன்ஜின் ஆயிலை நீட்டுவார். குடிநீர் பாத்திரத்துக்குள் பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம்.

கலவை, ஒரு பெட்டிக்கு: சிமென்ட் 12 லிட்டர், மணல் 24 லிட்டர், 6 மி.மீ. ஜல்லி 12 லிட்டர், 12 மி.மீ. ஜல்லி 12 லிட்டர், தண்ணீர் 7 முதல் 10 லிட்டர். 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் வரும். இரண்டு பெட்டி உறுதி, மூன்றாவதற்குச் சற்றுக் குறையும். தண்ணீரைக் கூட்டினால் வேலை சுலபம், பெட்டி ஒழுகும். கலவை கெட்டியாகவே இருக்கட்டும். ஒவ்வொரு சட்டிக் கலவை போட்டதும் இரும்புக் கம்பியால் குத்தி, வெளியே ரப்பர் சுத்தியலால் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெளியேறும் குழாயாக அமையும், உள்விட்டம் 6 மி.மீ. உள்ள பிளாஸ்டிக் டியூபை வார்க்கும் முன்பே சுவருக்கான இடத்தில் நிறுத்தி, இரு முனையையும் டேப்பால் மூடிக்கொள்ளவேண்டும். முறுகாமல், மடியாமல் இருக்கிறதா என்று இரண்டு பேர் பாருங்கள். மடிந்த டியூபைக் கான்கிரீட்டுக்குள்ளிருந்து சரிசெய்ய வழியே கிடையாது.

மறுநாள் அச்சைக் கழற்றி, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் நனையுங்கள். அதன்பின் டியூப் முனையை அடைத்து, விளிம்புவரை நீர் நிரப்பி, பென்சில் கோடு போட்டு இரவு முழுதும் விடுங்கள். ஈரம் இலேசாகப் பூத்தால் பயமில்லை. சொட்டினால் உள்ளே சிமென்ட் பால் பூசி மறுபடி சோதியுங்கள்.

காலிப் பெட்டியே 75 முதல் 95 கிலோ. நிரப்பினால் 150-ஐத் தாண்டும். நிரப்பிய பிறகு நகர்த்தக்கூடாது, மணல் இறுகிவிடும். இடம் சமதளம், நிழல், ஆடுமாடு உரசாத மூலை.

ஊற்றும் நீர் மணலைக் கிளறாமல் சிதறி விழ மேலே வைக்கும் சிதறல் தட்டுக்குத் துருப்பிடிக்காத தகடோ கெட்டியான பிளாஸ்டிக்கோ போதும். இரண்டரை செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துளைகள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த ஓரமாகப் பாய்ந்து மணலில் பள்ளம் பறிக்கும். பள்ளத்தில் படலம் இருக்காது.

நிறுவுதல்

வரிசை மாறக்கூடாது. பெட்டியைக் கழுவி, கீழே 5 செ.மீ. பெரிய ஜல்லி, டியூப் வாய் மூடும்படி. மட்டம் செய்து மேலே 5 செ.மீ. பொடி ஜல்லி. அடுத்து பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் எப்போதும் தண்ணீருக்குள்தான் விழவேண்டும். காய்ந்த பெட்டியில் மணலைப் போட்டுப் பிறகு நீர் ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் சிக்கி, அங்கெல்லாம் தண்ணீர் போகாது. மணல் மட்டம் உயர உயர நீரும் உயர்ந்து டியூப் வழியாக வழியும். நின்ற நீரின் மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ.யில் மணலை நிறுத்துங்கள். 4-க்குக் கீழே போனால் கோடையில் காயும், ஊற்றும் வேகமும் மணலைக் கிளறும். 6-க்கு மேலே போனால் காற்றின் ஆக்ஸிஜன் படலம்வரை எட்டாது.

தட்டை வைத்து, தெளிவாக வரும்வரை தண்ணீர் ஓட்டுங்கள். பிறகு தொட்டியை விளிம்புவரை நிரப்பி 1 லிட்டர் பிடிக்க எத்தனை விநாடி என்று அளந்து பாருங்கள். 150 விநாடி என்றால் நிமிடத்துக்கு 0.4 லிட்டர், அதுதான் உச்சவரம்பு. 100 விநாடியில் நிறைந்தால் மணல் பெருமணல், அல்லது அதிகம் கழுவியது, மாற்றவேண்டும். டியூபில் வால்வு போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று தோன்றும். எண் சரியாகிவிடும், துகள்களுக்கிடையே உள்ள ஓட்டை அப்படியே பெரிதாகத்தான் இருக்கும். வைவாவில் தப்பிக்கலாம், குழந்தையின் வயிற்றுப்போக்கிலிருந்து தப்பிக்க முடியாது. மெதுவாக வந்தால் ஆபத்தில்லை. ஆனால் குடம் நிறைய மிக நேரமாகும் வடிகட்டியை வீட்டார் கைவிடுவார்கள்.

கடைசியாக டியூபின் உட்புறத்தை குளோரின் கரைசலால் கழுவுங்கள். டியூப் முனையில் ஒரு ஹோஸைப் பொருத்தி, புனல் வழியாக ஒரு லிட்டர் கரைசலை ஊற்றி, சில நிமிடம் பிடித்திருந்து, வடியவிட்டு, ஹோஸைக் கழற்றி, மேலே நல்ல தண்ணீர் ஊற்றி குளோரின் வாடை போகும்வரை ஓட்டுங்கள். மேல் தொட்டியில் குளோரின் ஒருபோதும் படக்கூடாது, படலம் செத்துவிடும்.

முதல் 30 நாளும் பிறகும்

படலம் முதிர 30 நாள்வரை ஆகும். அதுவரை வரும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி போதிய அளவு குறைந்திருக்காது. காய்ச்சியோ குளோரின் போட்டோ குடிக்கவேண்டும். இதை நிறுவும் நாளிலேயே சொல்லுங்கள். முதிர்ந்த வடிகட்டி பாக்டீரியாவில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். வைரஸில் அவ்வளவு உறுதியில்லை.

வீட்டில் நினைவில் வைக்கவேண்டியவை சில. தினமும் ஊற்றவேண்டும். ஒரு முறை ஊற்றியது ஓடி நின்றபின் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி. 48 மணி நேரத்துக்கு மேல் சும்மா விடக்கூடாது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரே நீராதாரத்தின் தண்ணீர்; இன்று ஊருணி, நாளை லாரித் தண்ணீர் என்று மாற்றினால் படலம் பழகாது. குளோரின் வாடையுள்ள குழாய் நீரை இதில் ஊற்றவே கூடாது.

அடைப்பு வந்தால் மணலை வெளியே எடுக்கவேண்டாம். தொட்டியில் சிறிது நீர் ஊற்றி, தட்டை எடுத்துவிட்டு, உள்ளங்கையை மணலின் மேல் படும்படி வைத்துச் சுழற்றவேண்டும். விரல் ஆழமாகப் புதையக்கூடாது. கலங்கிய நீரைக் குவளையால் மொண்டு கொட்டி, ஓட்டம் திரும்பும்வரை இப்படியே. பின் மணலை மட்டம் செய்து தட்டை வைக்கவேண்டும். அடுத்த சில நாள் தரம் சற்றுக் குறைவாக இருக்கும். இதை நீங்கள் செய்துகாட்டினால் போதாது. அந்த வீட்டுப் பெண் உங்கள் கண்முன் தன் கையால் செய்யட்டும்.

மே மாதக் கலங்கலுக்கு ஊரிலேயே மருந்து இருக்கிறது: தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்து, நீரை ஊற்றிக் கலக்கிவிட்டு வைத்தால் சேறு திரண்டு அடியில் படியும். கொட்டையிலுள்ள புரதமும் கூட்டுச் சர்க்கரையும் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. பெரியவர்களிடம் கேட்டு முறையை அறிந்துகொண்டு, ஆறு பாட்டில்களில் அளவை ஏற்றிக்கொண்டே போய், எந்தக் குறைந்த அளவில் நாளிதழ் எழுத்து தெரிகிறது என்று கண்டுபிடியுங்கள். குறைந்த அளவு ஏனென்றால், மிஞ்சிய கொட்டைச்சாறு நீரில் உயிர்ப்பொருளாகத் தங்கி மணலை இன்னும் சீக்கிரம் அடைக்கும். தெளிந்த மேல்நீரை மட்டும் வடிகட்டிக்கு ஊற்றவேண்டும்.

டியூபுக்கு வெளியே

டியூப் முனையில் குழாய்த் திருகும் வேண்டாம், நீள ஹோஸும் வேண்டாம். திருகை மூடினால் மணலின் மேல் நீர் உயர்ந்து நின்று படலத்துக்கு மூச்சு முட்டும். ஹோஸ் கீழே தொங்கினால் சைஃபன் போல் உறிஞ்சி மணலையே வற்றவைக்கும். வீட்டுக்காரர் அன்போடு ஒரு பித்தளைக் குழாய் வாங்கி மாட்டிவைப்பது அடிக்கடி நடக்கக்கூடியது. அதனால் காரணத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வடிகட்டிய நீர் மறுபடி கெடுவது பாத்திரத்தில்தான். அகலவாய்ப் பானையில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நனைகிறது, முடிந்தது. மூடியும் அடியில் திருகுக் குழாயும் உள்ள பாத்திரத்தை வடிகட்டியின் பகுதியாகவே கணக்கில் சேருங்கள். அதில் குளோரினும் போடலாம்: 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 40 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவைத்தால் 1 சதவீதக் கரைசல். 20 லிட்டர் வடிகட்டிய நீருக்கு அதில் 4 மி.லி.; லிட்டருக்கு 2 மி.கி. ஆகும். அரைமணி கழித்துக் குடிக்கலாம், அப்போது மிச்ச குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்கவேண்டும். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும். கரைசலை வாரம் ஒருமுறை புதிதாகத் தயாரியுங்கள்.

மாதிரி எடுக்கும்போது மூன்று இடத்தில் எடுங்கள்: ஊற்றும் குடம், டியூப் வாய், குடிக்கும் பாத்திரம். இரண்டாவது சுத்தமாகவும் மூன்றாவது கெட்டும் இருந்தால் குற்றம் மணலில் இல்லை. ஊரிலேயே பார்க்க, 1982-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஹெச்2எஸ் குப்பி போதும். நீரை ஊற்றி ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், மலக்கிருமி இருக்கும் நீர் கறுத்துவிடும். கறுத்த குப்பியை அருகருகே வைத்துக் காட்டுவது எந்த விளக்கத்தையும்விட நன்றாகப் புரியும்.

யார் பழுது பார்ப்பார்

இந்தியா மார்க் II கைப்பம்பு 1970-களில் வந்தது. உறுதியானது, இன்றும் நம் ஊர்களில் நிற்கிறது. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்கவேண்டும், அதற்கு வண்டியும் தனிக் குழுவும் வேண்டும். 1980-களில் கோயம்புத்தூர் பகுதியில் நீண்ட களச்சோதனை நடத்தித்தான் மார்க் III வந்தது: குழாயின் விட்டத்தை 65 மி.மீ. ஆக்கி, குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் வெளியே உருவும்படி செய்தார்கள். ஊர்க்காரரே பழுது பார்க்கவேண்டும் என்ற ஒரே நோக்கம் வடிவத்தையே மாற்றியது. உங்கள் வடிகட்டியிலும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள்: சிதறல் தட்டு உடைந்தால் யார் வெட்டித் தருவார், எந்தக் கடையில் பிளாஸ்டிக் தகடு, மணல் எந்தக் குவாரியில். பெயர் எழுத முடியாத பொருளை வடிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அச்சும் சல்லடையும் கல்லூரிக்குத் திரும்பக் கூடாது. கிணற்று உறை வார்ப்பவரோ கொத்தனாரோ ஊருக்கருகே இருப்பார். முதல் பெட்டியை நீங்கள் வார்த்தெடுங்கள், இரண்டாவதை அவரோடு சேர்ந்து, மூன்றாவதை அவர் தனியே. வீடுகளைத் தேர்ந்தெடுப்பதை மகளிர் சுய உதவிக் குழுவிடம் விட்டு, கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். இலவசமாகக் கொடுப்பதைவிட மணல் சலிப்பதிலும் கழுவுவதிலும் வீட்டாரின் உழைப்பைச் சேர்ப்பது நல்லது. கழுவிய கைக்கு மணலின் பதம் தெரிந்திருக்கும், பிறகு அடைப்பு வந்தாலும் பயப்படாது.

முதல் வாரம், முதல் மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதம் என்று போய்ப் பாருங்கள். ‘பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்காதீர்கள். தட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா. மணல் மட்டமாக இருக்கிறதா, நின்ற நீர் எத்தனை செ.மீ., ஒரு லிட்டருக்கு எத்தனை விநாடி, பாத்திரத்துக்கு மூடி இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குழு படிப்பை முடித்துப் போகும் என்பதால் ஆறாம் மாதப் பார்வைக்கு இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் காய்ந்துபோன வடிகட்டிகளின் பட்டியலும் காரணமும் தனி அத்தியாயமாக வரட்டும். அடுத்த ஆண்டுக் குழு முதலில் புரட்டவேண்டிய பக்கம் அது.